முடிவு தெரிந்த பிறகு போட்ட மார்க்

"ஒவ்வொரு முன்கணிப்பும் எந்த அளவு சரி என்பதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும், அதைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் இட்டு மாதந்தோறும் அனுப்ப வேண்டியது." மேலாபீசிலிருந்து வந்த சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தி இது. ஐப்பசி ஏழாம் தேதி, திங்கட்கிழமை என்று தலைப்பிட்டு என் நாட்குறிப்பில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. அந்த நோட்டுக்கு மேலட்டை போய்விட்டதால் வருஷத்தை அடித்துச் சொல்ல முடியாது.

ராமநாதபுரத்தில் ஒரு கண்காணிப்பு ஆபீசில் நான் தலைமைக் குமாஸ்தா. இலங்கைக்குக் கள்ளத்தோணியில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்த காலம். கரையோர ஊர்களிலிருந்து எங்களுக்குத் துண்டுச் சீட்டுகள் வரும். டீக்கடைக்காரர், தண்டல்காரர் என்று யார் யாரோ எழுதுவார்கள். அவற்றைச் சேர்த்துப் படித்து, எந்தக் கரையிலிருந்து எப்போது தோணி புறப்படக்கூடும் என்று வாரம் ஒரு குறிப்பு எழுத இரண்டு பேர் இருந்தார்கள். தொண்டிப் பக்கத்தைப் பார்த்தவர் ஒருவர். உப்பூரையும் ராமேஸ்வரம் தீவையும் பார்த்தவர் மற்றவர். இந்த இரண்டாமவர் உத்தரகோசமங்கைப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, என்னைவிட நாலைந்து வயது இளையவர். தொண்டிக்காரரைப் போலவே இவரும் தற்காலிக வேலையில் இருந்தார், ஏழு வருஷமாக. பங்குனிக்குள் நிரந்தர உத்தரவு வராவிட்டால் வேலை போய்விடும், திரும்ப மானாவாரிக் காட்டுக்குத்தான் போக வேண்டும். உத்தரவுக்கு இந்த மார்க்கைத்தான் பார்ப்பார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மார்க் போடும் வேலை என்னுடையது.

எனக்கு ஒரு பழக்கம். பேரேட்டில் பாதி நிரம்பிய வரிசையைக் கண்டால் பொறுக்காது. அதனால் குறிப்பு வந்த அன்று எதுவும் எழுதாமல், முடிவு தெரிந்த பிறகு இரண்டு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். சுத்தமாக வேலை செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் உப்பூரிலிருந்து ஒரு தோணி புறப்படும் என்று அவர் எழுதினார். புறப்பட்டது, பிடிபட்டது. சரிக்குப் பத்து போட்டேன். கடினத்துக்கு இரண்டு.

"என்னண்ணே, இதுக்கு ரெண்டா?" என்றார் பேரேட்டை எட்டிப் பார்த்து.

"காத்து விழுந்து கடலு அடங்கிருச்சு. முகந்தெரியாத ஆளுக நாலு நாளா ஊருக்குள்ள வந்து நிக்கிறாக. இது யாருக்குத்தான் தெரியாது?"

"இன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுது. போன திங்கக்கெழம கேட்டுருந்தா முழிச்சிருப்பீக."

"ஏலே, வாய்க்கு மார்க் இல்லடா."

"இருந்தா நான் என்னைக்கோ பெர்மனென்ட் ஆயிருப்பேனே."

சிரித்துவிட்டு இருவரும் வேலையைப் பார்க்கப் போனோம். அவர் சொன்னதில் இருந்த விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நடந்து முடிந்ததெல்லாம் கணிக்க லேசானதாக எனக்குத் தெரிந்தது. நடக்காதது அவருடைய பிழையாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் அவருக்குத்தான் அடி. தொண்டிக்காரர் வாராவாரம் "குறிப்பிடத்தக்க நடமாட்டம் இல்லை" என்று ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்தார். அது பெரும்பாலும் பலித்தது. பத்து பத்தாக வாங்கினார்.

தை மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. இரண்டே வரி: "வலைக்குச் சாயம் போட்டுக் காயுது. தோணி தண்ணியில நிக்கிது." நானாக இருந்தால் படித்துவிட்டு மற்றச் சீட்டுகளோடு கட்டி வைத்திருப்பேன். அவர் அதை எடுத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தார். அப்போதெல்லாம் நூல்வலைதான். பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் முக்கி எடுத்தால் இரண்டு மூன்று நாள் காய வேண்டும். அதுவரை கடலுக்குப் போக முடியாது, அந்த நேரத்தில் தோணியைக் கரையில் ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். வலை காயும்போது தோணி தண்ணீரில் நிற்கிறது என்றால் அது மீனுக்குப் போகிற தோணி இல்லை. புதன்கிழமை தலைமன்னாருக்கு ஆள் ஏற்றும் என்று எழுதினார்.

காவலுக்கு எட்டுப் போலீஸ்காரர்கள் போனார்கள். பாம்பனைத் தாண்ட ரயிலை விட்டால் வேறு வழி இல்லாத காலம். காக்கி உடுப்போடு பகல் ரயிலில் போய்த் தங்கச்சிமடத்தில் இறங்கினார்கள்.

"மேளம் ஒண்ணுதான் கொறை," என்றார் அவர்.

தோணி புறப்படவில்லை. மறுநாள் அதைக் கரையில் ஏற்றியிருந்தார்கள்.

நடக்காவிட்டால் சுழி என்பது சுற்றறிக்கையின் விதி. சுழி போட்டேன். கடினத்துக்கு மூன்று. வரிசையின் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு கட்டம் இருந்தது, உறுதிப்பட்ட தகவலை மட்டும் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"காக்கிய பாத்துட்டுத்தான் போகலன்னு அதுல ஒரு வரி எழுதுங்கண்ணே."

"பாத்தாகன்னு யாரு சொன்னா?"

"எட்டுப் பேரு எறங்குனாக. ஊரு கண்ண மூடிக்கிட்டா இருந்துச்சு?"

"சாட்சி இல்லாம நான் எப்படி எழுத?"

"சாட்சி சொல்ற ஆளு தோணி ஏற இருந்தவன்தான். அவன் வந்து ஒங்ககிட்ட சொல்லுவானா?"

கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

பங்குனி மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. தொண்டிக்காரர் நிரந்தரம். இவர் பெயர் இல்லை. மேசையைத் துடைத்து, சீட்டுக் கட்டுகளை ஊர்வாரியாகப் பிரித்து நூல்போட்டுக் கட்டி என்னிடம் கொடுத்தார். "வாரேண்ணே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தல் மிஞ்சியிருக்காது என்று நினைக்கிறேன். அதன் பிறகும் பல வருஷம் மார்க் போட்டேன். கடினத்துக்கு உரிய மார்க்கைக் குறிப்பு வந்த அன்றே, முடிவு தெரியுமுன் போடத் தொடங்கினேன். அது அவருக்கு உதவவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், ராமேஸ்வரம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த தங்கச்சிமடத்து மீனவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதிருக்கும், கழுத்தில் ஜெபமாலை. காக்கிக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கிய கதையை அவரே சொன்னார்.

"பனங்காட்டுல இருபது பேரு மூட்டையோட உக்காந்துருந்தாக. ரயில்ல காக்கியப் பாத்ததும் தலை தெறிக்க ஓட்டம்."

"எந்த வருஷம்யா அது?"

"வருஷத்த யாரு கண்டா?"

"தை மாசமா? புதன்கிழமையா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "காக்கி ரெண்டு மூணு தடவ அப்பிடி வந்துருக்குய்யா. இது எந்தத் தடவையோ. ஒமக்கு எதுக்கு அது?"

இறங்கியதும் நாங்கள் இருவரும் பேசியதை நாட்குறிப்பில் தேதியிட்டு எழுதி வைத்தேன். அந்தப் புதன்கிழமை தங்கச்சிமடத்துத் தோணி ஆள் ஏற்ற இருந்ததா என்பது இன்றுவரை எனக்கு உறுதிப்படவில்லை.