ஃபீஸ் கட்டையில் கெட்டிக் கம்பி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் ஃபீஸ் போகும். குளியலறையில் தண்ணீர் காய வைக்கும் ராடை அண்டாவில் போட்டுவிட்டு, சமையலறையில் கிரைண்டரையும் ஓட்டினால் போதும், எல்லாம் நின்றுவிடும். அம்மா மாவுக் கையோடு தலையில் அடித்துக்கொள்வாள்.

அம்மாவின் தம்பி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலை பார்த்தார். லாரி ஒயரிங் தெரிந்ததால் எல்லா ஒயரிங்கும் அவருக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். ஒரு முறை வந்தபோது ஃபீஸ் கட்டையைப் பிடுங்கி, மயிரிழை போன்ற கம்பியை எடுத்தெறிந்துவிட்டு, செம்புக் கம்பியை நாலு இழையாக முறுக்கிக் கட்டினார். இனிமேல் போகவே போகாது என்றார். அப்பாகூட மெச்சினார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், தண்ணீர் காய்ந்ததா என்று பார்க்க அம்மா அண்டாவுக்குள் கையை விட்டாள். ஸ்விட்சை அணைக்க மறந்திருந்தாள். அவளிடமிருந்து சத்தம்கூட வரவில்லை. பக்கத்தில்தான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஓடிவந்து மெயினை இறக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியத்தன்று யாரோ கேட்டார்கள், ஆளுக்குக் கரண்டு அடித்தும் ஃபீஸ் ஏன் போகவில்லை என்று. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்று திறந்தேன். மாமா கெட்டிக் கம்பி போட்டார் என்றேன். மாமா மறுத்துப் பேசவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கல்யாணத்தில் தாய்மாமன் சீரை வேறொருவர் செய்தார்.

போன மாதம் வீட்டுக்கு ஒயரிங் மாற்றுவதற்காகத் திருச்செங்கோட்டில் ஒரு கடைக்குப் போனேன். ஃபீஸ் கட்டைக்குப் பதிலாக இப்போது போடுகிற எம்சிபி ஸ்விட்சில், சமையலறைக்கும் குளியலறைக்கும் இருப்பதிலேயே சின்னதாகக் கேட்டேன். எதற்கு என்றாள் கடைக்காரப் பெண். ஆள் மேல் கரண்டு பாய்ந்தால் உடனே விழ வேண்டும் என்றேன்.

"எம்சிபி ஒயரைக் காப்பாத்தறதுக்குங்கண்ணா. ஆளக் காப்பாத்தோணும்னா ஆர்சிசிபின்னு தனியா இருக்குதுங்க. முப்பது மில்லி ஆம்பியர்ல வாங்கிப் போடுங்க. எர்த்தும் சரியா இருக்கோணும்."

பழைய ஃபீஸ் கட்டையில் மெல்லிய கம்பியே இருந்திருந்தால் என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"அதுவும் போயிருக்காதுங்க. ஆளக் கொல்ற கரண்டு கொஞ்சந்தானுங்க, அதுக்கெல்லாம் கம்பி உருகாது. ஆள் செத்தாலும் அந்தக் கம்பிக்குத் தெரியாது. கெட்டிக் கம்பி போட்டா ஊடு பத்திக்கும், அது வேற."

மறுநாள் மாமா இருக்கும் நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

மாமா கிழவராகியிருந்தார். கடைக்காரப் பெண் சொன்னதைச் சொன்னேன்; மறுபடியும் சொல்ல வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாந்தான் அக்காவக் கொன்னுட்டேன்னு இத்தன வருசமா இருந்துட்டேன் சாமி."

அன்று அவர் பேசாமல் போனதை, தன் கம்பியால்தான் அம்மா செத்தாள் என்று தெரிந்து ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். நான் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். அம்மா செத்தது அந்தக் கம்பியால்தானா என்று சொல்லத் தெரிந்தவர் மாமாவையும் சேர்த்து அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை என்பது மட்டும் எனக்கு அப்போது புரியவில்லை.