ஒரு பேருக்கு இரண்டு உம்மா

பெண்கள் குளிப்பு மண்டபத்தில் முதுகு தேய்த்துவிடும் வர்தாவை, வர்தா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். யஹ்யா உம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். யஹ்யா அவளுடைய ஒரே பிள்ளை. ஆறு வயதில் நைல் வெள்ளம் கொண்டுபோய்விட்டது, உடல் கிடைக்கவில்லை. போய் உட்கார்ந்து அழ ஒரு கபர்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. மிச்சம் இருந்தது அந்தப் பேர் மட்டும்தான்.

"நீங்க கூப்பிடக் கூப்பிட அவன் காதுல விழும். உம்மா இங்கதான் இருக்கான்னு கிட்ட வருவான்" என்பாள்.

மண்டபத்து அடுப்புச் சாம்பலில் பானையைப் புதைத்து மொச்சை வேகவைத்து, வாசலிலேயே விற்பவள் நான். யஹ்யாவுக்கு என் மொச்சைதான் உயிர். அதுவும் தோலைப் பிதுக்கிக் கொடுத்தால்தான் தின்பான்.

அந்த வருஷம் போர்க்களத்தில் சுல்தான் இறந்துபோனார். அவருடைய மனைவி, சந்தையில் விலைக்கு வாங்கி வந்த பெண். படைத்தலைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி, சத்தியம் வாங்கிக்கொண்டு, அவளே அரியணையில் உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்மைப்போல ஒருத்தி! ஆனால் பள்ளிவாசல் மேடையில் ஏறி, ஆள்பவருக்காக வேண்டும்போது பெண்ணின் பேரைச் சொல்ல எந்த ஆம்பளைக்கும் வாய் வராதே! அவளும் ஒரு கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். அந்தப் பிள்ளையின் பேரும் யஹ்யாதான்; அதைத் தோண்டியெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை, "யஹ்யாவின் தாயை இறைவன் காப்பானாக" என்று வேண்டினார்கள். ஊரே ஆமீன் சொன்னது.

வாசலில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த வர்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்காடி கேக்குறாங்க?"

"ஆமா, முதுகு தேய்க்கிறவளுக்கு மகுடம் வேற! ராணிக்கு, அக்கா" என்று சிரித்தேன். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுவாரம் அரண்மனைச் சேவகன் வந்தான்.

"இங்க எவளோ யஹ்யா உம்மாவாமே? இனிமே அந்தப் பேரு ராணிக்கு மட்டுந்தான். வேற யாரையாவது அப்படிக் கூப்பிட்டீங்க, கூப்பிட்ட நாக்கு இருக்காது."

அவன் பிரம்பு என் பானையைத் தட்டியது. அவளைவிட எனக்குப் பானை பெரிதாகிவிட்டது.

"வர்தாக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றேன். முதலில் வர்தா என்று கூப்பிட்டவள் நான்தான். நான் கூப்பிட்டதும் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அவள் சண்டைக்கு வரவில்லை. அதற்கப்புறம் யார் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பவும் இல்லை. "காது அடைச்சுப்போச்சா இவளுக்கு?" என்று குளிக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு மொச்சை அள்ளினேன்.

மூன்றே மாதம். சத்தியம் செய்த அதே படைத்தலைவர்கள் ராணியைக் கொன்று, கோட்டைச் சுவருக்கு வெளியே போட்டுவிட்டார்கள். மய்யித்தைக் குளிப்பாட்ட ஒருத்தியும் வரவில்லை. அவளைத் தொட்டால் நமக்கும் அதே கதி என்று எல்லோருக்கும் பயம். வர்தா வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"தண்ணி ஊத்த ஆள் வேணும். வாடி."

அவளிடம் மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

இலந்தை இலை போட்ட தண்ணீரை நான் ஊற்ற ஊற்ற, அவள் மெல்லத் தேய்த்தாள். "யஹ்யா உம்மா, கையத் தூக்குறேன். இரு, வலிக்காது" என்று பேசிக்கொண்டே தேய்த்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அது உன் பேரு. நான்தான் முதல்ல பறிச்சேன்."

"அழாம ஊத்து. மூணு மாசமா ஊரே யஹ்யா உம்மான்னு இவளத்தானே கூப்பிட்டுச்சு? பிள்ள இவகிட்டதான் போயிருப்பான்."

கபன் துணியால் முகத்தை மூடுமுன் குனிந்து, ராணியின் காதோரம் சொன்னாள்:

"மொச்சை கொடுத்தா தோலப் பிதுக்கிக் கொடு. இல்லன்னா துப்பிருவான்."