மலைக்குப் போய் வர ஒரு டேங்க்

என் அக்காவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அதட்டிப் பார்க்கிற ரகம். ஆனால் அவளுடைய பழைய பைக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டால் ஆளே மாறிவிடுவாள். அந்த வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பார்சல் வந்தால் கூலி, வராவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவளை மலை மேலுள்ள ஆஸ்பத்திரிக்குத் தினமும் மருந்துப் பெட்டி கொண்டுபோக ஒரு மருந்துக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். நிரந்தர வேலை! வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. போய்வர இருநூற்றெண்பது கிலோமீட்டர். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. மருந்தோடு சேர்த்துக் கேனில் பெட்ரோல் எடுத்துப் போகவும் கூடாது. அந்தக் கம்பெனி மேனேஜர் கறாரான மனிதர்.

“திங்கட்கிழமை ஒரு தடவை போயிட்டு வாங்கம்மா, பாக்கலாம். வழியில வண்டி நின்னுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்.”

சங்கடம் டேங்கில் இருந்தது. பழைய டேங்க் துருப்பிடித்து ஒழுகியதால், வேறொரு வண்டியின் சின்ன டேங்கை அக்கா மாட்டியிருந்தாள். கழுத்துவரை நிரப்பினாலும் ஆறு லிட்டர்தான். வண்டியோ லிட்டருக்கு நாற்பத்துநாலு கிலோமீட்டர்தான் கொடுத்தது. பெருக்கிப் பார்த்தால், திரும்பி வரும்போது ஊர் எல்லைக்கு முன்பே தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

அக்காவின் புருஷன், என் மாமா, தையல்காரர். ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் ஊருக்கே யோசனை சொல்லிவிடுவார்.

“விலை ஒசந்த பெட்ரோல் இருக்குல்ல, அதப் போடு. மைலேஜ் பிச்சுக்கிட்டுப் போகும்!”

சனிக்கிழமை அதைத்தான் போட்டாள். மைலேஜை அளக்கக் கழுத்துவரை நிரப்பி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் மறுபடியும் கழுத்துவரை நிரப்ப வேண்டும். இரண்டாம் தடவை எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் குடித்த அளவு. ஓட்டி முடித்தவளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. நிரப்புகிற வேலையை மாமா ஏற்றுக்கொண்டார். போன வேகத்தில் திரும்பி வந்து வாசலிலேயே கத்தினார்.

“ஒன்னே முக்கால் லிட்டர்தான்டி புடிச்சுது! அம்பத்தேழு! நான் சொன்னேன்ல?”

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை, அந்த நிறைந்த டேங்கை ஒருமுறை கண்ணாரப் பார்க்கலாம் என்று அக்கா வண்டியை நிமிர்த்தி நிறுத்தி மூடியைத் திறந்தாள். பெட்ரோல் கழுத்துக்கு ரொம்பக் கீழே கிடந்தது. அவள் முகம் மாறியது.

“என்னங்க, பங்க்ல வண்டிய எப்படி நிறுத்தினீங்க?”

“சைடு ஸ்டாண்டுலதான். ஏன், படுக்கவா வைப்பாங்க?”

“சாய்ஞ்சு நின்னா ஒரு பக்கம் காத்து அடைச்சுக்கும். டேங்க் ரொம்பறதுக்கு முன்னாடியே கழுத்துல பெட்ரோல் தெரியும். போச்சு!”

பங்குக்கு ஓடினோம். நிமிர்த்தி வைத்து ஊற்றினால் இன்னும் அரை லிட்டர் பிடித்தது. ஆக, பழைய நாற்பத்துநாலேதான்! விலை உயர்ந்த பெட்ரோல் ஒரு முழம்கூடக் கூடுதலாக ஓட்டவில்லை. எனக்கு மாமா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இந்தப் புளுகுக் கணக்கை நம்பி அவள் மலை ஏறியிருந்தால்?

மாமாவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. “அப்போ அந்தப் பெட்ரோல் எதுக்குத்தான் விக்கிறான்?”

“அது வேணும்னு கேக்கற என்ஜின் இருக்கு, அதுக்கு. இதுக்குச் சாதா பெட்ரோல் போதும்னு வண்டி வாங்கறப்பவே சொன்னாங்க. கோளாறு வேற எங்கயோ இருக்கு.”

பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினாள். அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. பிரேக் உரசிக்கொண்டிருந்தது. அதைத் தளர்த்தினாள், டயருக்குக் காற்றடித்தாள், டேங்கைக் காலி செய்து சாதா பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, அதே நூறு கிலோமீட்டருக்குக் கிளம்பினாள். எப்போதும் பறக்கிறவள் அன்று ஸ்பீடோமீட்டர் முள்ளை நாற்பதுக்கு மேல் விடவில்லை. சைக்கிள்காரர்கள்கூடக் கேலி செய்தார்களாம். சாயங்காலம் பங்கில் நான்தான் வண்டியை நிமிர்த்திப் பிடித்தேன். ரெண்டே ரெண்டு லிட்டர்! லிட்டருக்கு ஐம்பது! ஆறு லிட்டருக்கு முந்நூறு! பங்க்காரர் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நாங்கள் கவலைப்படவில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டாள். மாலையில் மாமாவும் நானும் ஆபீஸ் வாசலில் காத்து நின்றோம். மாமா தூக்கிவிட்ட காலரை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மேனேஜர் இரண்டு தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அப்புறம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. அதே நாற்பதில், ஊர்வலம் வருகிற மாதிரி நிதானமாக வந்தாள்! முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. மாமா கை தட்டிக்கொண்டே அழுதார்.

வண்டி வழியில் நிற்காமல் போய் வந்தது என்பதில் மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. அக்கா வண்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். “காத வச்சுக் கேளுங்க சார்.”

அந்தக் கறாரான மனிதர் குனிந்து டேங்கில் காதை வைத்தார். உள்ளே மிச்சப் பெட்ரோல் சளசளத்தது.

“அங்க ஒரு அம்மா, கொழந்தையோட மருந்துக்காக ரோட்டுலயே நின்னுக்கிட்டிருந்தாங்க சார். நாளைக்கும் நீதான் வருவியான்னு கேட்டாங்க. வருவேன்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க என்ன சொல்றீங்க?”

மேனேஜர் நிமிரவில்லை. காதை எடுக்காமலேயே நாளைய மருந்துப் பெட்டியின் சாவியை அவளிடம் நீட்டினார்.