டாடாயிசமும் என் கல்யாணப் பத்திரிகையும்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். முதல் உலகப்போர் நடந்தபோது ஐரோப்பாவில் சில கலைஞர்கள், 'புத்திசாலிகள் உலகத்தை ஆண்ட லட்சணம் இதுதானே' என்று வெறுத்துப்போய், அர்த்தமே இல்லாத கலையைச் செய்யக் கிளம்பினார்கள். அதற்கு டாடாயிசம் என்று பெயர். செய்தித்தாளை வார்த்தை வார்த்தையாக வெட்டி, பையில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையில் ஒட்டினால் கவிதையாம். சரியான கிறுக்கர்கள் என்று வகுப்பிலேயே சிரித்தேன். அப்புறம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பத்திரிகையில் மூண்டது போர். அம்மாவுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். பெரிய மாமா குரும்பலூரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சின்ன மாமா அரியலூரில் அரசாங்க அதிகாரி. இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தாய்மாமன் வரிசையில் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும், இல்லையென்றால் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் வராம எம்பொண்ணு மணையில உக்காரணுமா?" என்று அம்மா சோறு தண்ணி இல்லாமல் அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்துக்காரர் ஏழாவது தடவையாகத் திருத்திக் கொடுத்த தாளைத் துண்டு துண்டாக வெட்டினேன். மஞ்சப்பையில் போட்டுக் குலுக்கி, வந்தபடி ஒட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மணமகள் என்ற இடத்தில் பெரிய மாமா பெயர் வந்திருந்தது. மணமகன் இடத்தில் காலைச் சிற்றுண்டி.

அரைமணியில் பெரிய மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். "ஏண்டி, கிண்டலா? ஒரு பஸ்ஸையே அடக்கி வச்சிருந்தவன்டி நானு!"

நான் வாய் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. சின்ன மாமா! எடுப்பதா வேண்டாமா என்று அவர் விழிக்க, அம்மா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, ஒனக்குக் கல்யாணமாமே? ஒரு வார்த்த சொல்லல பாத்தியா?"

பெரிய மாமாவின் மீசை துடித்தது. தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன்.

"நல்ல எடம்டா. தட்ட முடியல."

அந்தப் பக்கம் சின்ன மாமா விழுந்து விழுந்து சிரித்தார். இந்தப் பக்கம் இவருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் சின்ன மாமா மெல்லக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு வருவியாண்ணே?"

பெரிய மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணே நாந்தானடா. வராம எப்புடி?"