வெட்ட ஈ, ஒட்ட ஜே

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் தெருவில் அவளுக்குத் தையல்காரி என்றே பெயர். புருஷன் விளம்பரங்களுக்குப் பாட்டுப் போடுகிறவர், அவருக்கு மெட்டுக்காரர் என்று பெயர். சோப்பு, செருப்பு, பல்பசை, எதைக் கொடுத்தாலும் அரை நிமிஷத்தில் அதைப் பாடவைத்துவிடுவார். ஆள் எப்படி என்று யாராவது கேட்டால், பாட்டு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் இழுத்துக்கொண்டாவது வந்தது, கை வரவே இல்லை. கம்ப்யூட்டரில் பாட்டுச் சேர்ப்பது இரண்டு கை வேலை. இடது கை கண்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கொள்ளவேண்டும், வலது கை வெட்டவேண்டும், ஒட்டவேண்டும். ஒற்றைக் கையை அகல விரித்தால் எட்டத்தான் எட்டும். அதற்குள் பாட்டு நாலு அடி தாண்டிப் போயிருக்கும். வேலை கைவிட்டுப் போனால் தன் பெயரும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே தையல் மெஷினைப் பரணில் ஏற்றச் சொன்னார், பெண்டாட்டியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்.

அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித்தான் கண்டுபிடிப்பாள். ஆனால் வெட்டுவதும் ஒட்டுவதும் அவளுக்குப் புதுசா என்ன? துணிக்குப் பதில் சத்தம், அவ்வளவுதான். சிவப்பு, பச்சை, மஞ்சள் துணியில் பொட்டுப் பொட்டாக நறுக்கிப் பட்டன்கள்மேல் ஒட்டிவைத்தாள். வெட்ட ஈ, ஒட்ட ஜே, செய்ததை அழிக்க இசட். அவர் வந்து பார்த்தார். நல்ல கையின் நகத்தால் ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்தார். மௌஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"துணிய ஒட்டிக்கிட்டு எத்தனை நாளு? மண்டையில ஒட்டுடி" என்றார்.

மண்டையில் ஒட்டினாள். அடுப்படியில் நிற்கும்போது எதற்கு எந்தப் பட்டன் என்று உள்ளேயிருந்து கேள்வி வரும், பதில் சொல்லிவிட்டுத்தான் அடுப்பை அணைக்கவேண்டும். தப்பான பட்டனில் விரல் விழுந்தால் அவர் கையில் இருக்கும் கரண்டிக்காம்பு அந்த விரல் கணுவிலேயே விழும். வலிக்கிற மாதிரிதான் அடிப்பார், வீங்குகிற மாதிரி அடிக்கமாட்டார். வீங்கினால் யார் வேலை செய்வது? மூணு மாதத்தில் பட்டனைப் பார்க்காமலே தட்டுகிறவளாகிவிட்டாள். ஒரு நாளாவது தேவலை என்று சொன்னாரா? அதுதான் இல்லை.

இதற்கு நடுவில் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். பாட்டு ஓடும்போது அவர் "வெட்டு" என்பார், அந்த நொடியில் அவள் வெட்டவேண்டும். அப்படி வெட்டினால் பாட்டுக்குக் கால் இடறியது. நோவு வந்ததிலிருந்து அவர் சொல்வது ஒரு நூலிழை பிந்தியே வந்தது. அதை அவரிடம் சொல்லிப் பிழைக்க முடியுமா? ஆகவே அவர் வாய் திறக்குமுன்னே, சரியான இடத்தில் அவளாகவே வெட்டிவிடுவாள். திரும்பப் போட்டுக் கேட்டால் மணி மணியாக இருக்கும். "பாத்தியா, காது இன்னும் எனக்குத்தான்" என்பார் அவர். அவள் ஆமாம் என்பாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அவருடைய பெயரும் நிலைத்து நின்றது.

ஒரு மத்தியானம் விளம்பரக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். எப்போதும் வேலை கொடுக்கிறவர். இவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், அவள் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, "அக்கா கை என்ன சார் இப்படிப் பறக்குது" என்றார்.

மெட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "கைதான். அவளுக்கு என்னங்க தெரியும்? மிதிச்சா ஓடுற மெஷின். நான் மிதிக்கிறேன், அது ஓடுது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று வந்தவரும் சிரித்தார்.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது.

பாட்டு ஓடியது. அவர் "வெட்டு" என்றார். அவர் சொல்லுகிறவரை காத்திருந்து, சொன்ன அந்த நொடியில் வெட்டினாள். போட்டுக் கேட்டால், குழந்தை படியில் தடுக்கி விழுந்த மாதிரி இருந்தது பாட்டு.

"எங்கடி புத்தி?" என்றார். அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். "வெட்டு." வெட்டினாள். மறுபடி இடறியது. மூணாவது தடவை விளம்பரக்காரர் பாட்டைக் கேட்கவில்லை. மெட்டுக்காரர் வாயையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே சமயத்தில்தான் அசைந்தன.

"நீங்க சொன்ன இடத்துலதாங்க வெட்டுறேன்" என்றாள் அவள், மெதுவாக, மரியாதையாக.

நாலாவது தடவை ஓட்டும்போது "வெட்டு" என்று சொல்ல மெட்டுக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவள் காத்திருக்கவில்லை. வெட்டினாள், ஒட்டினாள், போட்டாள். பாட்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. விளம்பரக்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அடுத்த பாட்டைப் பற்றி அக்காவிடமே பேசுகிறேன் என்று அவளைப் பார்த்துச் சொன்னார், அவரைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். அவள் வேளாவேளைக்குச் சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், மாத்திரை தவறவிடவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்தாள். ஹெட்போன் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்தாள்.

அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். பாட்டு கேட்காது, பட்டன் சத்தம் மட்டும் கேட்கும். டக் டக். அதை வைத்து, வெட்டுறா, ஒட்டுறா, அழிக்கிறா என்று தனக்குள் முணுமுணுப்பார். என்ன பாட்டு என்று கேட்பார். அவள் திரும்பமாட்டாள்.

ஒருநாள் நல்ல கையை நீட்டி ஹெட்போன் கம்பியைப் பிடுங்கிவிட்டார். அறை முழுக்கப் பாட்டு கொட்டியது. அவர் தலை ஆடியது. ஒரே ஒரு வரிதான் கேட்டிருப்பார், அவள் ஒரு பட்டனைத் தட்டி நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை போடேன்" என்றார்.

"சொருகுங்க."

"அந்த எடம் எனக்குச் சரியாக் கேக்கல."

"சொருகுங்கன்னேன்."

கம்பியோடு அவர் கை மேஜைக்கு அடியில் போயிற்று. துளை அகப்படவில்லை. தடவினார், நழுவியது, மறுபடி தடவினார். அவள் மடியில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சொருகிவிட்டார். அவள் தன் காதுக்குள் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.