கறுப்பு அங்கிக்காரர் முன் கற்பூரம்

அன்று அறையில் இருந்தது அப்பா, அம்மா, மாமா, நான். சுவரில் மாட்டியிருந்த நீதிபதியையும் சேர்த்தால் ஐந்து பேர். நான் அவரைச் சேர்த்தே எண்ணுவேன். விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இன்றும் உண்டு.

மாமா அம்மாவின் தம்பி. நகரின் நடுவே கியாக்டடா பக்கம் கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர், எண்பத்தெட்டுக் கலவரத்தில் வேலை போய், பசுந்தாங் ஓடையோரம் எங்கள் பலகை வீட்டில் ஒண்டியிருந்தார். கோர்ட்டில் கழித்துப்போட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். ஏதோ ஓர் அமெரிக்க நீதிபதியின் கதை. அதன் முதல் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார். பாதியில் பள்ளிக்கூடம் விட்ட எனக்கு அந்த இங்கிலீஷ் இன்றுவரை படிக்க வராது. மாமா சொன்னதுதான்.

“விவசாயி மகன். வாத்தியார் வேலை பாத்துக்கிட்டே சட்டம் படிச்சு, ஜனாதிபதி கையால ஆயுசுக்கும் ஜட்ஜ் ஆனவரு.”

அவர் ஒருமுறை குற்றமற்றவனை உள்ளே தள்ளிவிட்டாராம். தெரிந்த பிறகு, சாகும்வரை தன் சம்பளத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பினாராம். “தப்பாத் தீர்ப்பு சொன்னவன்தானே கட்டணும்?” என்பார் மாமா.

மழைக்கால மத்தியானம். கரண்ட் இல்லை. அம்மாவின் கம்மலில் ஒன்றைக் காணோம்.

“வேலையில்லாதவனுக்குக் கைச்செலவுக்குக் காசு எங்கேருந்து வருதாம்?” என்றார் அப்பா.

“என் தம்பிங்க அவன்!” என்று அம்மா அழுதாள்.

“எடுத்திருந்தா இப்பவே வீட்டை விட்டுப் போயிடறேன் அத்தான். கற்பூரம் ஏத்துங்க. ஜட்ஜ் ஐயா முன்னால அணைச்சு சத்தியம் பண்றேன்.”

“ஏன், சாமி படத்துக்கு முன்னால பண்ணப் பயமா?”

“சாமி மன்னிச்சிடும் அத்தான். இவரு மன்னிக்கமாட்டாரு.”

கம்மல் எங்கே என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தபோது தரைப்பலகை இடுக்கில் விழுந்து, அடியில் ஓடிய ஓடை வெள்ளத்தோடு போய்விட்டது. சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார்.

கற்பூரம் எரிந்தது. கண்ணாடிக்குள் சுடர் ஆட, நீதிபதியின் விழிகள் எல்லாரையும் தாண்டி வந்து என்மேல் நின்றன. மூச்சை அடக்கிக்கொண்டேன். மாமா உள்ளங்கையை நீட்டினார். அடக்கமுடியாமல் மூச்சை விட்டேன். அவர் கை படுமுன்பே சுடர் அணைந்தது.

“பாத்தியா, பொய்ச் சத்தியத்தை நெருப்பே வாங்கலை” என்றார் அப்பா, மெல்ல.

மாமா படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு, அவருடையதாகவே இல்லாத ஒரு குரலில், “சரி, நான்தான் எடுத்தேன். மூவாயிரம் கியாட், கட்டிடறேன்” என்றார்.

அன்றே ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் டாலாவுக்குப் படகேறி, அங்கே சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தார். மாதாமாதம் பணம் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அதுவரை வந்தது ஆயிரத்து அறுநூறு.

செய்யாததை ஏன் ஒப்புக்கொண்டார் என்று அப்போது விளங்கவில்லை. தப்பித்தேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். படம் இப்போது என் வீட்டில். அதன் முன்னால் விளக்கேற்றும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அன்று தீர்ப்பு சொன்னது என் மூச்சுதான். பாக்கி ஆயிரத்து நானூறு கியாட்.