ஐந்தாம் புள்ளி

"உம்மா, பெருவிரல எடுங்க."

உம்மு குல்சூம் எடுக்கவில்லை. வாசற்படியில் குந்தியிருந்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்துப் பிடித்திருந்தார். மற்ற முனை மகன் றிஸ்மினின் கையில், பின்னறைக்குள் இருந்தது. குழாய் நிறையத் தண்ணீர். இரண்டு வாயும் திறந்திருந்தால் தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த உயரத்தை அடிமட்டத்தால் பார்த்தால், வாசற்படியைவிட அந்த இடம் எவ்வளவு தாழ்வு என்று தெரிந்துவிடும். ஒரு வாயை அடைத்தால் எல்லாம் பொய்.

"எடுத்தா சிந்தும். இப்பதானே கழுவினேன்."

"நடக்கக்குள்ள மூடுங்க, நான் பாக்கக்குள்ள தொறங்க எண்டு எத்தின தரம் சொன்னேன்? இது ஏழாவது புள்ளி. முந்தின ஆறுக்கும் இப்படித்தான் புடிச்சீங்களா?"

"இல்ல மகன். அதுக்கெல்லாம் எடுத்தேன்."

குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். றிஸ்மின் நம்பவில்லை. ஆனால் இன்னும் எட்டுப் புள்ளி இருந்தது, நாலு மணிக்குக் குருநாகல் போக வேண்டும், பொறுமை போய்விட்டிருந்தது. முதல் ஆறையும் கொப்பியில் அப்படியே விட்டுவிட்டு, உம்மாவை விரலை எடுக்கச் சொல்லி ஏழாவதிலிருந்து தொடர்ந்தான். பதினான்கும் முடிந்ததும் உம்மா துணியை எடுத்துக்கொண்டு, அவன் சிந்திய துளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அது மே மாதம். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அளக்க வைத்ததே உம்மாதான். கலியாணத்துக்கு முன் பாலாவிப் பக்கம் உப்புப் பாத்திகளில் வேலை செய்தவர். ஈரமண்ணைக் காலால் மிதித்து மட்டமாக்குவது அவர் வேலை. பாத்தி விரலளவு சரிந்தாலும் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும், மறுபக்கம் உப்பு விளையாது, கங்காணியிடம் ஏச்சு விழும். றிஸ்மினின் வாப்பா தாஹிரைக் கலியாணம் முடித்து ஆலங்குடாவுக்கு வந்த பிறகு, நாற்பது வருடம் வெள்ளிக்கிழமை தோறும் இந்த வீட்டின் சிவப்புச் சீமெந்துத் தரையைக் கழுவினார். தண்ணீர் பின்கதவடி ஓட்டையால் வெளியே போகும். சென்ற மாரிக்குப் பிறகு அது போகவில்லை. பின்னறை மூலையில் போய் நின்றது.

"ஊடு எறங்குது மகன்" என்று போனில் சொன்னார்.

றிஸ்மின் குருநாகலில் வீதி வேலைகளுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். "தரை போட்ட மேசன் பாஸ் ஒழுங்காப் போட்டிரிக்க மாட்டார். எல்லா ஊட்டுத் தரையும் கோணல்தான்" என்றான்.

"நாப்பது வருசம் கோணாத தரை, நீ படிச்ச பொறகா கோணினது?"

ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தான். தரை சரிவாக இருப்பது வேறு, சரிந்துகொண்டிருப்பது வேறு என்று விளக்கினான். ஒரே இடங்களை மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை அளந்தால்தான் வீடு இறங்குகிறதா என்று சொல்லலாம்.

"நீ அளந்துக்கிட்டு இரி. உன்ட தங்கச்சி ஷிஹாரா புள்ளப் பெற வந்துடுவா. பின்னறையிலதான் படுப்பா. செவர் அவளுக்கு மேல விழட்டும், நீ கொப்பியில எழுது."

கிணறுதான் காரணம் என்பது உம்மாவின் எண்ணம். வாப்பா இந்த வளவை வாங்கியபோது ஒரு உவர்க் கிணறு இருந்தது. அதைக் கூளமும் மட்டையும் போட்டு மூடித்தான் வீடு கட்டினார். உம்மா மணப்பெண்ணாக வந்தபோது வீடு முடிந்திருந்தது. கிணறு எங்கே என்று கேட்டதற்கு வாப்பா கையை வீசி, "அங்கிட்டு" என்றாராம். அதற்கு மேல் சொல்லாமலே மௌத்தாகிவிட்டார். அவரோடு நின்று மண் போட்டவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார்: பள்ளிவாசல்துறை நஸீர்.

"போய்க் கேளுங்களேன்" என்றான் றிஸ்மின்.

"எப்படிப் போற? அவர்ட பொண்டாட்டி மௌத்துக்கே நான் போகல்ல. இப்ப வெறுங்கையோட போய், நானா கெணறு எங்க எண்டா கேக்குற? தேசிக்காய் ஊறுகாய் போட்டிரிக்கேன். ஊறினதும் கொண்டு போறேன்."

"போன் எடுத்துக் கேக்கலாமே."

"அவருக்குக் காது கேக்காது. உனக்குக் கேட்டும் பிரயோசனமில்ல."

ஓகஸ்டில் ஒரு நாள் சுபஹு தொழுத பாயிலேயே உம்மா சாய்ந்தார். அன்றைக்கே அடக்கினார்கள்.

செப்டம்பரில் றிஸ்மின் மறுபடி அளந்தான். எட்டு மாத வயிற்றோடு ஷிஹாரா வாசற்படியில் கதிரை போட்டு உட்கார்ந்து குழாயைப் பிடித்தாள். பார்க்கும் நேரம் விரலை எடுத்தாள், நடக்கும் நேரம் மூடினாள். ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

கொப்பியை விரித்து ஒப்பிட்டான். ஏழு முதல் பதினான்கு வரை வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்குள். ஐந்தாம் புள்ளி, பின்னறை மூலை, பதினொரு மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. நான்கு மாதத்தில் பதினொன்று என்றால் அந்த அறையில் ஆள் படுக்கக் கூடாது. ஆனால் இரண்டாம் புள்ளி நான்கு மில்லிமீற்றர் ஏறியிருந்தது. நாற்பது வருடத் தரை ஏறாது. அப்படியானால் உம்மா அங்கே விரலை எடுத்திருக்கவில்லை. ஐந்தாம் புள்ளியில் எடுத்தாரா? அந்தப் பதினொன்று வீட்டுடையதா, பெருவிரலுடையதா? அரை மணித்தியாலம் செலவழித்து ஆறையும் திருப்பி அளந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. நம்பாமலே எழுதி வைத்தவன் அவன்தான்.

"என்ன நானா, பாயப் போடவா வேணாமா?"

"தெரியாது."

"ரெண்டு தரம் அளந்துமா?"

"ஒரு தரம்தான் அளந்த மாதிரி."

"உம்மா தண்ணி ஊத்திப் பாத்தே சொன்னாவே."

றிஸ்மின் கொப்பியை மூடிவிட்டு எழுந்தான். பின்னறைக் கட்டிலைக் கழற்றி, பலகை பலகையாக முன்மண்டபத்துக்குக் கொண்டுவந்து பூட்டினான். ஒரு ஆணி வளைந்து, மூன்று தடவை அடித்தும் ஏறவில்லை. பின்னறைக் கதவைச் சாத்திப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

குசினி யன்னலில், வெயில் படும் இடத்தில், தேசிக்காய்ப் போத்தல் இருந்தது. மூடியில் ஒட்டிய பிளாஸ்திரியில் உம்மாவின் கோணல் எழுத்தில் 'நஸீர் நானா' என்றிருந்தது. ஷிஹாரா மூடியைத் திறந்து ஒரு துண்டை அமுக்கிப் பார்த்தாள். தோல் மெத்தென்று இருந்தது.

"இது எப்பவோ ஊறிட்டு" என்றாள்.

பள்ளிவாசல்துறை அதிக தூரம் இல்லை. போத்தலைக் கொடுக்க வேண்டும். அவர் பெண்சாதி மௌத்துக்கு உம்மா வராததற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு, காதருகில் போய் உரக்கக் கேட்க வேண்டும், கிணறு எந்த மூலையில் என்று.